புதுப்பிப்பு: சூடானால் சரியும் ஈயமில்லா பீசோ செராமிக்

முந்தைய பதிவில் நான் கேட்டது: ஆன்டிமனியும் சிர்கோனேட்டும் சேர்த்த பொட்டாசியம் சோடியம் நயோபேட் (அழுத்தினால் மின்னூட்டம் தரும் பீசோ செராமிக்) அறை வெப்பநிலையில் நல்ல டி33 (அழுத்தும் விசைக்கு எவ்வளவு மின்னூட்டம் வருகிறது என்ற அளவு) தருகிறது, 100 டிகிரியை நெருங்கினால் சரிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

காரணம் பலரும் சொன்னதுதான். தூய நயோபேட்டில் 200 டிகிரி செல்சியஸ் அருகே நடக்கும் ஆர்த்தோராம்பிக்–டெட்ரகோனல் படிக அமைப்பு மாற்றத்தைக் கலப்பின் மூலம் அறை வெப்பநிலைக்கு இழுத்து வருகிறோம். டி33 உச்சம் தொடுவது அங்கேதான். கொஞ்சம் சூடானாலே அதைத் தாண்டிவிடுகிறோம்.

அதனால் அடுக்குக்கு அடுக்கு சிர்கோனேட் அளவை மாற்றி, மெல்லிய டேப்களாக வார்த்து, ஒன்றாக அழுத்தி சின்டர் செய்தேன் (சூளையில் சுட்டு இறுக வைத்தேன்). ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு வெப்பநிலையில் உச்சம் தொடுவதால் வெப்பநிலையோடு டி33 மாறும் மொத்த வளைவு நன்றாகவே தட்டையாகிறது. உச்ச மதிப்பு குறைகிறது, ஆனால் சென்சாருக்கு இந்தப் பேரம் லாபம்தான் என்பேன். சிக்கல் சூளையில்தான். அதிக நேரம் வைத்தால் அயனிகள் அடுக்கு விட்டு அடுக்கு பரவி, நாம் வைத்த வித்தியாசமே கரைந்துவிடும். பொட்டாசியம், சோடியம் ஆவியாவதைக் குறைக்க, அதே கலவைப் பொடிக்குள் மாதிரியைப் புதைத்து வைப்பது நல்லது.

அப்புறம், அளவீடு பற்றிக் கேட்டவர்களுக்கு: சூடாக்கி ஆறவிட்டு டி33 மீட்டரில் வைத்தால், முனைவாக்கம் (மின்புலம் கொடுத்து உள்ளே ஒரே திசையில் திருப்பி வைத்த மின்முனைவு) எவ்வளவு மிஞ்சியது என்றுதான் தெரியும். சூட்டில் நடப்பது அதில் தெரியாது. இம்பிடன்ஸ் அனலைசரை (அதிர்வெண்ணை மாற்றி மாற்றி மின் எதிர்ப்பை அளக்கும் கருவி) வைத்து, மாதிரி சூடாக இருக்கும்போதே ஒத்ததிர்வை அளந்து, அதிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். நான் சொன்ன தட்டையான வளைவும் அப்படி எடுத்ததுதான்.