பெரியவர்கள் வகுப்பில் 16 வயசு: வரலைன்னா வீட்டுக்குச் சொல்லணுமா?

கரும்பலகை:
தொழிற்கல்வி வகுப்புகள்ல 30, 40 வயசுக்காரங்களோட 16, 17 வயசுப் பிள்ளைகளும் உட்காருறாங்க. வரலைன்னா பெற்றோருக்குப் போன் போடக் கூடாதுங்கிறது என் கட்சி. பள்ளிக்கூடம் ஒத்துவராமத்தான் பலரும் இங்கே வர்றாங்க. அதே பிரம்பை இங்கேயும் எடுத்தா வாசலோட திரும்பிடுவாங்க.

மூன்றாம்மணி:
பிரம்பு வேற, கவனிப்பு வேற. ஐ.நா.வோட 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை பொதுவா 18 வயசுக்குக் கீழே எல்லாரையும் குழந்தைன்னுதான் சொல்லுது. ரெண்டாவது நாள் வரலைன்னா பிள்ளைக்கே ஒரு குறுஞ்செய்தி. மூணாவது நாளும் பதில் இல்லைன்னா வீட்டுக்கு. வீட்லயே சிக்கல்னு தெரிஞ்சா மட்டும் வீட்டை விட்டுட்டு ஆலோசகர்கிட்ட போகணும்.

கரும்பலகை:
அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் சொன்ன முதியோர் கற்றலுக்கு அடிப்படையே தன்னைத் தானே நடத்திக்கிறதுதான். வீட்டுக்கு ஒரு போன் போனா அது போச்சு.

மூன்றாம்மணி:
நோல்ஸ் மனசுல வெச்சிருந்தது அனுபவத்தோட வர்ற ஆளை. "ஆறு வாரத்துல 1500 சொல் அறிக்கை"ன்னா பெரியவர் நாள் பிரிச்சு எழுதுவார். பிள்ளை அஞ்சு வாரம் சும்மா இருந்துட்டு ஆறாவது வாரம் காணாமப் போகும். நாம அதை அலட்சியம்னு பதிவேட்டுல எழுதுறோம். பாதி நேரம் அது பயம். அதனால பிள்ளைக்கு வேலையை நாமளே பிரிச்சுக் கொடுக்கணும்: முதல் வாரம் தலைப்பு ரெண்டு வரி, ரெண்டாவது வாரம் 150 சொல், மறுநாளே திருத்திக் கையில கொடுக்கணும். அதுக்குச் சின்னதா மதிப்பெண்ணும் வேணும், இல்லைன்னா யாரும் எழுத மாட்டாங்க.

பட்டறைக்காரன்:
போன் சண்டைக்கு நடுவுல உட்கார வைக்கிறதை மறந்துட்டீங்க. நாலு பேர் குழுவுல ஒரே ஒரு பிள்ளைன்னா பெரியவங்களே எல்லாத்தையும் செஞ்சு கொடுத்துடுவாங்க. அம்மா மாதிரிதான், ஆனா பிள்ளை ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஒரு குழுவுல ரெண்டு பிள்ளைகளா போடுங்க. மூணு பேரானா அரட்டை. காலை 8 மணி வகுப்பையும் பாருங்க: வளர்ற வயசுல உடம்புக் கடிகாரம் பின்னால தள்ளிப் போகுது, தூக்கம் லேட்டாத்தான் வரும். செய்முறையை 10 மணிக்கு மாத்துங்க, தூக்கக் கலக்கத்துல மெஷின் பக்கம் விடாதீங்க. பிள்ளைகிட்ட தனியாப் பேசணும்னா கதவு திறந்தே இருக்கட்டும்.

கரும்பலகை:
சேர்ற அன்னைக்கே பிள்ளையை வெச்சுக்கிட்டு எழுதி வாங்கினா போனுக்கு ஒத்துக்கிறேன்: யாருக்கு, எத்தனை நாளுக்கு அப்புறம், என்ன சொல்வோம்னு. வரலைன்னு மட்டும்தான் சொல்லணும். மார்க் சொல்லக் கூடாது.

மூன்றாம்மணி:
மார்க்ல ஒத்துப்போறேன். 18 முடிஞ்ச அன்னைக்கு அந்தக் காகிதத்தைக் கிழிக்கிறது யார் வேலை? அதையும் அதுலயே எழுதுங்க.