ஆறு வார விடுமுறையும் ஒரு மாதக் கணக்கும்

மணவிலக்கு முடிந்து இரண்டு வருடம். மகன் என்னிடம்தான் வளர்கிறான், சனி ஞாயிறு அப்பாவிடம். போன டிசம்பரில் கும்பகோணத்தில் என் அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. ஆண்டிறுதி விடுமுறை ஆறு வாரம்தானே என்று முழுசுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. பையன் சொல்லிவிட்டான். அன்று ராத்திரியே "முடியாது" என்று செய்தி வந்தது.

என் பிள்ளை, என் அம்மா, இவர் யார் தடுக்க? அந்தக் கோபத்தோடுதான் வழக்கறிஞரிடம் போனேன். அவர் சிங்கப்பூரில் திருமணம், மணவிலக்கு பற்றிய சட்டமான மாதர் சாசனத்தை எடுத்து விளக்கினார். பிள்ளைப் பொறுப்பு பற்றி நீதிமன்ற உத்தரவு நடப்பில் இருந்தால், பெற்றோர் இருவரின் எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை சிங்கப்பூரை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. பொறுப்பு பெற்றவர் ஒரு மாதத்துக்குக் குறைவாகக் கூட்டிப்போவதற்கு மட்டும் விலக்கு. அதற்கும் உங்கள் உத்தரவில் வேறு நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். ஜூன் விடுமுறை நாலு வாரம், அதனால் இதுவரை எனக்குப் பிரச்சினையே வரவில்லை. ஆறு வாரம் என்றதும் மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. வேறு நாட்டுக்குக் கடத்திச் செல்லப்பட்ட பிள்ளைகளைத் திரும்ப அனுப்புவதற்காக நாடுகள் செய்துகொண்ட 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம் சிங்கப்பூரில் 2011 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. நான் பையனோடு அங்கேயே தங்கிவிட்டால், அந்த வழியில் அவனைத் திரும்பக் கேட்க இவரால் முடியாது. இந்தியாவில் வழக்குப் போட்டு அலைய வேண்டியதுதான். என் முன்னாள் கணவரின் பயத்தில் நியாயம் இருந்தது.

திரும்பி வரும் டிக்கெட், அம்மா வீட்டு முகவரி, தம்பி நம்பர் எல்லாம் அனுப்பினேன். தினமும் இரவு ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சாங்கி விமான நிலையத்தில் யாரும் அந்தக் கடிதத்தைக் கேட்கவில்லை. ஆனாலும் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

பதில்:

அக்கா, நான் அந்தப் பக்கம் நின்றவன். மகள் முதல் தடவை சென்னைக்குப் போனபோது பதினெட்டு நாளும் எனக்குச் சரியான தூக்கமில்லை. பிறகு அவள் அம்மா வேலைக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கே குடிபோக நீதிமன்ற அனுமதி கேட்டார். பெற்றோர் இருவரின் விருப்பத்தையும் விடப் பிள்ளையின் நலனையே நீதிமன்றம் முதலில் பார்க்கும் என்று என் வழக்கறிஞர் சொன்னார். கடைசியில் மகளின் அம்மாவே மனுவை மீட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் விடுமுறைக்குத் தயங்காமல் கையெழுத்துப் போடுகிறேன். திரும்பி வரும் டிக்கெட்டை மட்டும் முதலில் கேட்பேன். அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.