செஞ்சிக் கோட்டை: பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களில் சிலர், பிள்ளைகளுக்குக் கோட்டையில் எதைக் காட்டுவது என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து எல்லோருக்கும் செஞ்சி மேல் திடீர்ப் பாசம். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் நம் கோட்டை எந்தப் பெயரில் இடம்பெற்றிருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? ‘மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்’. மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று நாம்.

அதில் தவறில்லை. சிவாஜி 1677-இல் பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றி மதில்களை வலுப்படுத்தினார். 1689-இல் மராட்டியத் தலைநகர் ராய்கட் மொகலாயரிடம் விழுந்த சமயத்தில், அவருடைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பித் தெற்கே வந்து சேர்ந்த இடம் நம் ஊர். சில ஆண்டுகள் மராட்டிய அரசே இங்கிருந்துதான் நடந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடிக்க ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின. 1698-இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை, அதற்குள் நழுவிவிட்டார். ஒரு பேரரசை எட்டு ஆண்டுகள் வாசலில் நிறுத்தி வைத்த கோட்டைக்கு உலக மரியாதை கிடைத்தது நியாயமே.

ஆனாலும் மராட்டியர் இங்கே இருந்தது 21 ஆண்டுகள் மட்டுமே. அதற்கு முன் நூறாண்டுகளுக்கும் மேல் ஆண்ட நாயக்கர்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்வோம்? நமக்குத் தெரிந்ததெல்லாம் தேசிங்கு ராஜன். அவன் ஆண்டது ஓராண்டுகூட இல்லை! கப்பம் கட்ட மறுத்து, ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்த்து, 1714 அக்டோபரில் களத்தில் மாண்டபோது அவனுக்கு வயது இருபத்திரண்டு. வடநாட்டுப் புந்தேலா குல ராஜபுத்திரன், இந்த மண்ணுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. உயிர்த் தோழனாக உடன் நின்று உயிர்விட்டவன் ஒரு முஸ்லிம் வீரன். இத்தனையும் கூடினால் கதைப் பாட்டு பிறக்காமல் என்ன செய்யும்? பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கோட்டையைக் கட்டியவன் தேசிங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தொடக்கம் ஆயர் குலத்துக் கோன்களுடையது. 1200-ஐ ஒட்டி ஆனந்தக் கோன் என்பவர் முதல் மலையில் அரண் எழுப்பினார் என்பது மரபு. ஆடு மேய்க்கப் போன இடத்தில் பாறை இடுக்கில் புதையல் கிடைத்தது என்றும் கதை உண்டு. புதையலை நான் நம்பவில்லை. மேய்ச்சலுக்கு ஏறி இறங்கியவனுக்கு அந்த மலையின் மடிப்பும் சுனையும் தெரிந்திருக்கும் என்பதை நம்புகிறேன். அந்த மலைதான் ராஜகிரி; அதற்கு முதலில் ஆனந்தகிரி என்றே பெயர். வடக்கே இருக்கும் கிருஷ்ணகிரி மலை, அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூன்றாவது சந்திராயன் துர்க்கம். மூன்று மலையையும் முக்கோணமாக இணைத்து ஓடும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். திருவண்ணாமலைப் பஸ் இந்த மதிலை ஊடுருவித்தான் போகிறது என்பதை, ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனை முறை போயும் நாம் உணர்ந்ததில்லை.

இப்போது பார்க்க வேண்டியவை. ராஜகிரி உச்சிக்கு ஓடாதீர்கள். முதலில் கீழ்க் கோட்டையில் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள்.

கல்யாண மகாலைப் படம் எடுத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். சதுர முற்றம், நடுவே குளம், சுற்றிலும் அறைகள், மேலே கூம்பாகக் குவியும் கூரையோடு அடுக்கடுக்காக எழும் கோபுரம். ஒவ்வொரு தளத்திலும் ஒரு சிறு அறை, அதைச் சுற்றி வளைவுகள் வைத்த தாழ்வாரம். இந்த அழகைவிட எனக்கு வியப்பு தண்ணீர்தான். மதிலுக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண்குழாய்களில் தண்ணீர் கொண்டுவந்து மேல்தளங்கள் வரை ஏற்றியிருக்கிறார்கள். நீர்த்தேக்கம் உயரத்தில் இருந்தால் குழாயில் வரும் தண்ணீர் அந்த மட்டம் வரை தானே ஏறிவிடும். இறைக்க ஆள் வேண்டாம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டினால், மதில் எத்தனை அடி என்பதைவிட அதிகம் மனதில் நிற்கும்.

பக்கத்திலேயே வளைகூரை போட்ட நெற்களஞ்சியம், ஆனைக்குளம், குதிரை லாயங்கள். எட்டாண்டு முற்றுகையைத் தாங்கியது வாள் மட்டுமல்ல, இந்தக் களஞ்சியமும் குளங்களும்தான் என்பது என் கட்சி. சக்கரக்குளத்துக்கு அருகே சிறைக்கிணறு இருக்கிறது: பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய உருண்டைப் பாறை, அதன் தலையில் வட்டமாகச் செங்கல் சுவர். கைதிகளை உள்ளே தள்ளிப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

வெங்கடரமணர் கோயிலை விட்டுவிடாதீர்கள். நாயக்கர் காலத்துக் கோயில். கோபுர வாயில் சுவர்களில் பாற்கடல் கடையும் காட்சியும் ராமாயணக் காட்சிகளும் வரிசையாக இருக்கின்றன. வெளிச்சம் பக்கவாட்டில் விழும் காலை வேளையில் போனால்தான் முகங்கள் தெரியும். செஞ்சியின் பெரிய கல்தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை நம் ஊர்த் தூண்கள்தான். அங்கே நின்று படம் எடுத்திருப்பீர்கள், உங்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது. அதே கீழ்க் கோட்டையில் சாதத்துல்லா கான் பெயரிலான மசூதியும் இருக்கிறது. தேசிங்கு இறந்து சில ஆண்டுகளில் எழுந்தது. வென்றவனின் மசூதி கோட்டைக்குள் நிற்கிறது; தோற்றவனின் பெயரால் ஊரே அந்தக் கோட்டையை அழைக்கிறது.

பிறகு ராஜகிரி. உயரம் சுமார் 240 மீட்டர். வழியில் கமலக்கண்ணி அம்மன். உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து ஆழமான பள்ளம் ஒன்று குறுக்கே வரும். அதைக் கடக்க ஒரே ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரே வரும் படை எத்தனை பெரியதானாலும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பெரிய பீரங்கி. பீரங்கியில் 7560 என்று எண் பொறித்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், மூச்சு வாங்கியதை மறந்துவிடுவார்கள்.

எட்டு ஆண்டுகள் எதிர்த்து நின்ற இதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. அதே பாறை, அதே பாலம், அதே மதில். உள்ளே நிற்பவர்கள் யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது போலும். 1761-இல் ஆங்கிலேயர், 1780-இல் ஹைதர் அலி, அதன் பிறகு சொல்லும்படி ஒன்றுமில்லை.

முழங்கால் வலிப்பவர்கள் ராஜகிரியை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி ஏறலாம். கூட்டம் குறைவு, மேலே குவிமாடம் வைத்த தர்பார் மண்டபம் அழகு, எண்ணெய்க்கும் நெய்க்கும் தனித்தனிக் கிணறு வைத்திருந்தார்கள். அதுவும் முடியாதவர்கள் சிங்கவரம் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, திருநாதர்குன்றில் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கிய 24 சமணத் தீர்த்தங்கரர்களைப் பாருங்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. ஆனந்தக் கோனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது அது.

நடைமுறைக்குச் சில. காலையில் திறந்ததும் போய்விடுங்கள். பிற்பகல் ஆகிவிட்டால் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். மேலே கடை கிடையாது, தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைக் கையில் தெரியும்படி வைத்திருந்தால் குரங்குகள் பறித்துக்கொள்ளும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் ஓ.சி.ஐ. அட்டையை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) மறக்காமல் எடுத்துப் போங்கள்; காட்டினால் இந்தியர்களுக்கான டிக்கெட் போதும், இல்லையென்றால் பல மடங்கு கொடுக்க வேண்டும். சொந்த ஊர்க் கோட்டைக்கு வெளிநாட்டார் டிக்கெட் எடுப்பது பணத்தைவிட மானப் பிரச்சினை.