சுவாசப்பைக் குருதி மிகையமுக்கம்: ‘பிரஷர்’ என்ற சொல்லோடு ஒரு வழக்கு

ஹட்டன், மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம். நோயாளர் கையேடு ஒன்றுக்காக ‘பல்மனரி ஹைப்பர்டென்ஷன்’, அதாவது இதயத்திலிருந்து சுவாசப்பைக்குப் போகும் குழாயில் குருதியின் அமுக்கம் கூடும் நோய், என்பதற்கு ஒரு சொல் தேவை. கையில் மூன்று இருக்கின்றன. தமிழ்நாட்டு வழக்கில் ‘நுரையீரல் உயர் இரத்த அழுத்தம்’, நம்முடைய பாடநூல் வழக்கில் கட்டினால் ‘சுவாசப்பை உயர் குருதி அமுக்கம்’, சுருக்கிச் சொன்னால் ‘சுவாசப்பை மிகையமுக்கம்’. இதற்கு அடுத்த பக்கத்திலேயே ‘பல்மனரி ஆர்ட்டீரியல் ஹைப்பர்டென்ஷன்’ வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பாதகமா?

நுவரெலியா, பொது மருத்துவர்

பாதகம்தான், தங்கச்சி. முதலாவது பெரிய குடை, இரண்டாவது அதன் ஒரு கம்பி மட்டும்.

சுவாசப்பை நாடியில், அதாவது அந்தக் குழாயில், சராசரி அமுக்கம் ஓய்வில் ஏறத்தாழ 14 மி.மீ. இரசம் (பாதரசம்) இருக்கும். 1973இல் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டத்தில் கூடியவர்கள் 25ஐ நோயின் எல்லையாக வைத்தார்கள். 2018இல் இந்த நோய்க்கான நீஸ் உலக மாநாடு அதை 20க்கு மேல் என்று இறக்கியது. 2022 ஐரோப்பிய வழிகாட்டியும் 20க்கு மேல் என்றே சொல்கிறது. இந்த எல்லையைத் தாண்டிய எல்லாமே குடைக்குள் வரும். அதற்குள் ஐந்து பிரிவு: நாடியே நோயுற்றது, இடப்பக்க இதயக் கோளாறால் வந்தது, சுவாசப்பை நோயால் அல்லது ஒட்சிசன் குறைவால் வந்தது, பழைய குருதி உறைகட்டி அடைத்து வந்தது, காரணம் பலவாகவோ தெளிவில்லாமலோ இருப்பது. ‘ஆர்ட்டீரியல்’ என்ற பெயர் முதற்பிரிவுக்கு மட்டும் உரியது.

பிரிவு தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. உடம்பின் மற்ற நாடிகள் ஒட்சிசன் குறைந்தால் விரியும், சுவாசப்பையில் நேர்மாறு. காற்று வராத சிற்றறைப் பக்கம் போகும் குழாய் சுருங்கி, காற்றுள்ள பக்கம் குருதியைத் திருப்பிவிடும். சுவீடன் ஆய்வாளர்கள் வொன் ஒய்லரும் லில்யஸ்ட்ராண்டும் 1946இல் பூனைகளில் காட்டியது இதைத்தான். நீண்டகாலம் விறகடுப்புப் புகை குடித்த சுவாசப்பையில் இந்தச் சுருக்கம் பல இடத்தில் நடந்துகொண்டே இருக்கும், அமுக்கமும் ஏறும். அப்படிப்பட்டவருக்கு, முதற்பிரிவுக்குக் கொடுக்கும், குழாயை விரிக்கும் மருந்தான சில்டெனாபிலைக் கொடுத்தால் மூடியிருந்த குழாய்கள் திறந்து, காற்றில்லாத இடத்துக்குக் குருதி போய், ஒட்சிசன் இன்னும் விழலாம். அவருக்கு முதல் வேலை புகையை நிறுத்துவதும் இன்ஹேலரை ஒழுங்காக எடுப்பதும். ஓய்விலேயே குருதியில் ஒட்சிசன் மிகக் குறைந்திருந்தால் நாளுக்கு 15 மணிநேரத்துக்குக் குறையாமல் ஒட்சிசன். இரண்டு பேருடைய அட்டையிலும் ஒரே பெயர் இருந்தால், பக்கத்துக் காம்பராவில், அதாவது தோட்ட வரிசைவீட்டு அறையில், இருப்பவரின் குளிசையை ‘உனக்கும் அதே வருத்தம்தானே’ என்று வாங்கிப் போடுவார்கள்.

‘உயர் குருதி அமுக்கம்’ என்ற தொடரும் எனக்கு வேண்டாம். அதைக் கேட்டவுடன் கையில் பட்டி கட்டிப் பார்ப்பார்கள். 110/70 வரும். ‘பிரஷர் நார்மல்’ என்று மருந்தை விட்டுவிடுவார்கள். அல்லது வீட்டிலிருக்கும் பிரஷர் மருந்தான அம்லோடிபினை இரட்டிப்பாக்குவார்கள், விழுந்தும் போவார்கள். கைப்பட்டி அளப்பது இடது இதயவறை தள்ளும் குருதியை. சுவாசப்பைக்குக் குருதி தள்ளும் வலது இதயவறை படும் பாடு அதில் தெரியவே தெரியாது.

பதுளை, விஞ்ஞான ஆசிரியர்

டொக்டர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. சொல் பக்கத்திலிருந்து இரண்டு விடயம்.

ஒன்று, ‘நுரையீரல்’ வேண்டாம். அது நல்ல தமிழ்தான், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் இந்த நோய் முற்றும்போது வலப்பக்க இதயம் தளர்ந்து ஈரல் வீங்குகிறது, கால் வீங்குகிறது. ‘நுரையீரல் அமுக்கத்தால் ஈரல் வீங்கும்’ என்று எழுதிப் பாருங்கள், வாசிப்பவருக்கு இரண்டு ஈரலும் ஒன்றாகிவிடும். ‘சுவாசப்பை’ என்றால் அந்தக் குழப்பமே இல்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டு, ‘நாடி’. நமது பாடநூலில் நாடி ஆர்ட்டரி, நாளம் வெயின். வீட்டில் நாடி என்றால் மணிக்கட்டில் பிடித்துப் பார்ப்பது. ‘சுவாசப்பை நாடி மிகையமுக்கம்’ என்று முதற்பிரிவுக்குப் பெயர் வைத்தால் ‘நாடி வேகமாக அடிக்குதாம்’ என்றுதான் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். ‘தமனி’ போடலாமா என்றால், இலங்கைப் பிள்ளைகள் படிக்காத சொல்லை நோயாளிக்குக் கொடுப்பதில் எனக்கு மனமில்லை. ‘நாடிநோய்’ என்று ஒட்டி எழுதினால் துடிப்பு என்ற பொருள் விலகும், நோய் எங்கே இருக்கிறது என்பதும் பெயரிலேயே வந்துவிடும். முதற்பிரிவு: சுவாசப்பை நாடிநோய் மிகையமுக்கம். குடைப்பெயர்: சுவாசப்பை மிகையமுக்கம்.

கண்டி, இதய ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்

சேர், ‘நாடிநோய்’ அருமை. குடைப்பெயரில்தான் ஒரு முள் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ‘சுவாசப்பை அமுக்கம்’ என்றால் வென்டிலேட்டர் உள்ளே தள்ளும் காற்றின் அமுக்கம். அதையும் சென்ரிமீற்றர் நீர் என்று எண்ணில்தான் எழுதுகிறோம். ‘சுவாசப்பை மிகையமுக்கம்’ என்று ஒரு தாதி வாசித்தால் காற்றைக் குறைக்கப் போவார். அதனால் ‘குருதி’ உள்ளே இருந்தாக வேண்டும்: சுவாசப்பைக் குருதி மிகையமுக்கம். நீளம்தான், பரவாயில்லை.

இன்னொன்று. கையேட்டில் எண் வருகிற இடமெல்லாம் ‘சராசரி’ என்ற சொல் விடுபடக் கூடாது. இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோவில், வலப்பக்க முக்கூர் வால்வு வழியே திரும்பிக் கசியும் குருதியின் வேகத்தை எடுத்து, அதன் வர்க்கத்தை 4ஆல் பெருக்கி, வலது சோணையறை (இதயத்தின் மேலறை) அமுக்கத்தைக் கூட்டுகிறோம். செக்கனுக்கு 3 மீற்றர் என்றால் 36, சோணையறைக்கு 5, மொத்தம் 41. இது இதயம் சுருங்கும்போதுள்ள உச்ச அமுக்கம், அதுவும் மதிப்பீடு. 20 என்ற எல்லை சராசரிக்கு உரியது, கதீற்றர் என்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு நேரடியாக அளப்பது. அறிக்கையில் 41ஐப் பார்த்து, கையேட்டில் 20ஐப் பார்த்து, ‘இரண்டு மடங்கு’ என்று பயந்துபோவார்கள்.

கதீற்றரிலும் பிழை வரும். நோயாளி மல்லாந்து படுத்திருக்க, அமுக்க உணரியின் பூச்சிய மட்டம் நெஞ்சின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். அது 10 செ.மீ. கீழே இறங்கினால் எண்ணில் 7 மி.மீ. இரசம் கூடிவிடும். உண்மையில் 17 உள்ளவருக்கு 24 காட்டும், இல்லாத நோய்க்குப் பெயரும் வைத்தாயிற்று! வாசிப்பு மூச்சை வெளிவிட்ட முடிவில் எடுக்க வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள், மிஸ்.

அப்படியே ‘வெட்ஜ் பிரஷர்’ என்பதற்கும் சொல் வேண்டும். கதீற்றர் நுனியிலுள்ள சிறு பலூனை ஒன்றரை மில்லிலீற்றர் காற்றால் ஊதி, கிளை நாடியில் இறுக்கி, முன்னே ஓடும் குருதியை நிறுத்தி, இடது சோணையறையின் அமுக்கத்தை அந்தப் பக்கமிருந்து எட்டிப்பார்ப்பது. 15க்கு மேலானால் இடப்பக்க இதயத்தைச் சந்தேகிக்கிறோம். 15 அல்லது குறைவாக இருந்து, சுவாசப்பைக் குழாய்களின் தடை 2 வூட் அலகுக்கு (தடையை அளக்கும் அலகு) மேலிருந்தால் கோளாறு மயிர்க்குழாய்க்கு முன்னால். என்னுடைய பரிந்துரை ‘ஆப்பு அமுக்கம்’.

பதுளை, விஞ்ஞான ஆசிரியர்

‘உங்களுக்கு ஆப்பு வைத்துப் பார்க்கப் போகிறோம்’ என்று நோயாளியிடம் சொல்லிப் பாருங்கள் தம்பி, கட்டிலை விட்டு இறங்கி ஓடிவிடுவார். ‘அடைப்பு அமுக்கம்’ என்றால் உறைகட்டி அடைப்போடு கலந்துவிடும். ‘இறுக்கமுக்கம்’ என் தேர்வு, பலூனை இறுக்குவதுதானே வேலை.

ஹட்டன், மொழிபெயர்ப்பாளர்

இறுக்கமுக்கம் நாக்கில் வருகிறது, எடுத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு இடம் முட்டுகிறது. மிக உயரமான இடங்களில் வாழ்பவர்களுக்கு வரும் ‘ஹை ஒல்ற்றிட்யூட்’ வகையை ‘மலைநாட்டு மிகையமுக்கம்’ என்று முதல் வரைவில் எழுதியிருக்கிறார்கள். ‘ஓர்டினரி அக்டிவிட்டி’ என்பதை ‘சாதாரண நடவடிக்கை’ என்று.

நுவரெலியா, பொது மருத்துவர்

முதலாவதை உடனே வெட்டுங்கள். நம்மிடத்தில் மலை என்றால் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற இடம். ‘மலைக்குப் போனதால் வந்த வருத்தம்’ என்று ஆகிவிடும். அந்த வகை பொதுவாக 2500 மீற்றருக்கு மேல் நெடுங்காலம் குடியிருப்பவர்களுக்கு உரியது. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1870 மீற்றர். பிதுருதலாகலை உச்சியே 2524தான், அங்கே யாரும் லயன் (வரிசைவீடு) கட்டிக் குடியிருக்கவில்லை. இங்கே மூச்சு வாங்குகிறவருக்கு ‘உயரம்தான் காரணம்’ என்று சொல்லிவிட்டால், புகையையும் பழைய காசநோய்த் தழும்பையும் இருகூர் வால்வு ஒடுக்கத்தையும் யாரும் தேட மாட்டார்கள். ‘பேருயர வகை’ என்று போடுங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். நோயின் நான்கு படிகளும் அந்தச் சொல்லில்தான் நிற்கின்றன. ஓய்வில் சுகம், வழக்கமான வேலையில் மூச்சு வாங்கினால் இரண்டாம் படி. அதைவிடக் குறைந்த வேலைக்கே வாங்கினால் மூன்று. சும்மா இருக்கும்போதே என்றால் நான்கு. கொழும்பில் மேசையிலிருப்பவரின் வழக்கமான வேலை வேறு, கொழுந்துச் சுமையோடு சரிவு ஏறுபவரின் வேலை வேறு. ‘சாதாரணமா வேலை செய்வீங்களா’ என்று கேட்டால் ‘ஓம், டொக்டர், மலைக்குப் போறேன்’ என்று பதில் வரும், பாதி நாள் தேயிலை நிரையின் நடுவில் உட்கார்ந்திருந்தாலும். ‘உங்கள் வயதுக்காரர் நிற்காமல் முடிக்கும் நிரையில் நீங்கள் எத்தனை தடவை நிற்கிறீர்கள்? பைப்படியிலிருந்து வாளியைக் காம்பரா வரை ஒரே மூச்சில் கொண்டு வர முடிகிறதா?’ என்று கேளுங்கள். தலை சுற்றி விழுந்ததுண்டா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். ஏறும்போது மயங்கி விழுவது இந்த நோயில் கெட்ட அறிகுறி.

ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் ஆறு நிமிட நடைக்குப் புதுச் சொல் தேவையில்லை, இருப்பதே போதும். 30 மீற்றர் தட்டையான நடைபாதை என்று மட்டும் எழுதுங்கள், தோட்டத்துப் பாதையில் நடக்கவிட்டால் அந்த எண்ணை யாரோடும் ஒப்பிட முடியாது.

ஹட்டன், மொழிபெயர்ப்பாளர்

அச்சுக்குப் போகும் பந்தி இது:

“சுவாசப்பைக் குருதி மிகையமுக்கம் என்பது இதயத்திலிருந்து சுவாசப்பைக்குப் போகும் குழாயில் குருதியின் அமுக்கம் கூடுவது. கையில் பட்டி கட்டிப் பார்க்கும் பிரஷர் இதுவல்ல. அது சரியாக இருந்தாலும் இது இருக்கலாம். இதில் ஐந்து பிரிவு உண்டு, மருந்து பிரிவுக்குப் பிரிவு மாறும். மற்றவருடைய குளிசையைக் குடிக்காதீர்கள், உங்களுடையதைக் கொடுக்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை உங்களிடம் இருந்தால் சில்டெனாபில் தொடங்குமுன் டொக்டரிடம் காட்டுங்கள். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தாக விழும்.”

சுருக்கெழுத்து எதுவும் போடவில்லை. அட்டையின் மேல்வரியில் ‘சுவாசப்பைக் குருதி’ முதல் வரியாகவும் ‘மிகையமுக்கம்’ இரண்டாம் வரியாகவும் உடைகிறது. சொல் நடுவில் உடையாமல் பார்த்துக்கொள்ளும்படி அச்சகத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.