பழைய சர்ஃப் போர்டு இருந்தா சொல்லுங்க, குப்பத்து பசங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். ஈசிஆர் பக்கம் ஒரு மீனவ குப்பத்துல சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன் எடுக்கறோம். இவங்கள்ல நிறைய பேருக்கு சர்ஃபிங்னா உயிரு, ஆனா இருக்கறது ஒரே ஒரு போர்டு, அதுவும் நடுவுல விரிசல், ஃபைபர் படகுக்கு ஒட்டுற ரெசின் பசையையும் ஃபைபர் துணியையும் வச்சு பசங்களே ஒட்டி ஓட்டிட்டு இருக்காங்க.

2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல நடந்த ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்ல ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்குனாருல்ல, அவர் வளந்தது கேரளா கோவளத்துல. அங்க இருக்கற சர்ஃப் கிளப்ல ஸ்கூலுக்கு வரலன்னா போர்டு கிடையாதுன்னு ரூல். அதையே இங்கயும் கொண்டு வரணும்னு ஆசை, ஏன்னா கடல் பேர சொன்னா எந்த பையனும் லீவ் போட மாட்டான்.

மெடல் எல்லாருக்கும் கிடைக்காது, தெரியும். ஆனா கோச், லைஃப்கார்டு வேலைக்கு இவங்களவிட யாரு பொருத்தம், அலையும் நீரோட்டமும் பொறந்ததுல இருந்தே பாத்தவங்க. ஐஎஸ்ஏ (சர்வதேச சர்ஃபிங் சங்கம்) நடத்துற லெவல் 1 கோச் கோர்ஸுக்கு ஃபர்ஸ்ட் எய்டும் தண்ணில காப்பாத்தற சர்டிஃபிகேட்டும் கேக்கறாங்க, இதுக்கெல்லாம் பெரிய பசங்களால பணம் கட்ட முடியாது.

யார்கிட்டயாவது 8 அடி சாஃப்ட் டாப் போர்டு (மேல மெத்துனு ஃபோம் இருக்கறது), லீஷ் (போர்டை கால்ல கட்டுற கயிறு), ரேஷ்கார்டு (தண்ணில போடற ஒட்டுன சட்டை) சும்மா கிடந்தா கமெண்ட்ல சொல்லுங்க, நாங்களே வந்து எடுத்துக்கறோம். கோர்ஸ் முடிச்ச கோச் யாராவது இருந்தா எங்க சேரலாம், எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க ப்ளீஸ். பொண்ணுங்களும் கேக்கறாங்க, அம்மாங்க தயங்குறாங்க, லேடி கோச் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை காலைல வந்து பேசுனாலே போதும்.