சின்ன மெஷினில் ரூலர் வைத்துக் குவில்ட் தைக்க முடியுமா?

கேள்வி:
என் மெஷினில் ஊசிக்கும் வலப்பக்க உடம்புக்கும் நடுவே ஆறரை அங்குலம்தான் இடம். 60 அங்குலக் குவில்ட்டை (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) வைத்துக்கொண்டு முழிக்கிறேன். கோடு பிசகாமல் தைக்க, மெஷினில் துணி மேல் வைத்து ஓட்டும் 12 அங்குல வளைவு அக்ரிலிக் ரூலர் வாங்கினேன், பாதி வளைவு வருவதற்குள் அதன் முனை மெஷினில் இடிக்கிறது, சுருட்டி வைத்த துணி வேறு இழுக்கிறது, கோடு பாம்பு மாதிரி நெளிகிறது. மெஷினையே மாற்ற வேண்டுமா?

பதில் 1:
மெஷின் இருக்கட்டும், ரூலரை மாற்றுங்கள். ஆறு அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். வளைவை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போது நிறுத்தி, ரூலரை நகர்த்தி, மறுபடி ஓட்டலாம். அப்புறம், துணியைச் சுருட்டவே வேண்டாம், சுருட்டினால் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். சும்மா குவித்துத் திணியுங்கள், ஊசியைச் சுற்றி ஒரு கையகலம் தட்டையாக இருந்தால் போதும். மேசை விளிம்பில் தொங்கும் துணியின் எடைதான் கோட்டை நெளிய வைக்கிறது, இடப்பக்கம் இன்னொரு மேசை போட்டுப் பாருங்கள். நடுவில் தொடங்கி வெளியே வந்தால், ஒரு பாதி முடிந்ததும் குவில்ட்டைத் திருப்பிப் போட்டு மறு பாதி. மெஷினின் கைக்கு அடியில் பாதிக்கு மேல் எப்போதும் இருக்காது.

பதில் 2:
ரூலருக்கென்று இருக்கும் தடித்த விளிம்பு ஃபுட்தானே (ஊசியைச் சுற்றித் துணி மேல் நிற்கும் பாகம்) போட்டிருக்கிறீர்கள்? வீட்டு மெஷினில் பலவற்றுக்கு 3 மில்லிமீட்டர் ரூலர்தான் ஒத்துவரும், பெரிய மெஷினுக்கான 6 மில்லிமீட்டர் ரூலர் தடிமனாகி இடைஞ்சல் பண்ணும். ஃபுட்டின் நடுவிலிருந்து விளிம்பு வரை கால் அங்குலம், அதனால் தையல் ரூலரிலிருந்து அவ்வளவு தள்ளித்தான் விழும்.

கேள்வி கேட்டவர்:
ஐயோ, சாதா எம்பிராய்டரி ஃபுட் போட்டிருக்கிறேன்!

பதில் 2:
உடனே கழற்றுங்கள். அதன் மெல்லிய விளிம்புக்கு அடியில் ரூலர் நுழைந்துவிட்டால் ஊசி நேராக அக்ரிலிக்கில்தான் இறங்கும். எனக்கு ஒருமுறை ஊசி முறிந்து துண்டு கன்னத்துக்குப் பக்கத்தில் பறந்தது, அன்றிலிருந்து கண்ணாடி போடாமல் உட்காருவதில்லை. மோட்டாரை ஓட்டும் முன் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

பதில் 3:
ரூலருக்கு அடியில் வழுக்காத டேப் ஒட்டுங்கள். விரல்களை ஃபுட்டுக்கு நேர் பக்கத்தில் அழுத்துங்கள், ரூலரின் கடைசியில் அழுத்தினால் அது சுழன்றுவிடும். எனக்குப் பெரிய குவில்ட்டே அலுத்துவிட்டது, இப்போதெல்லாம் கட்டம் கட்டமாகக் குவில்ட் செய்து பிறகுதான் இணைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
சரி, ஃபுட் வரும்வரை தொடவில்லை. அது வரைக்கும் நெளிந்த கோடுகளைப் பிரிக்கிற வேலை இருக்கிறது.