சளிக் குளிசைக்குப் பிறகு அப்பாவுக்குச் சலம் போகக் கஷ்டம்

களுவாஞ்சிக்குடி மகள்:
அப்பாவுக்கு 67 வயது, வயல் செய்கிறவர். இரவில் ஐந்தாறு தடவை எழும்புவார், சலம் நூல் போலத்தான் போகும். கிளினிக்கில் ஸ்கான் பார்த்து, சலப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது என்று டாம்சுலோசின் குளிசை 0.4 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஒரு கிழமையிலேயே நல்ல சுகம். ஆனால் நான்கு நாளாகப் பழைய நிலைதான். முக்கினாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. குளிசையை ஒரு நாளும் விடவில்லை. சலத்துக்குப் பயந்து வயலில் தண்ணீரே குடிப்பதில்லை. குளிசை வேலை செய்யாமல் போய்விட்டதா? அடுத்த கிளினிக்குக்கு மூன்று கிழமை இருக்கிறது.

அக்கரைப்பற்று நானா:
தங்கச்சி, இந்த நான்கு நாளில் புதிதாக ஏதும் மருந்து எடுத்தாரா? தடிமன், இருமலுக்கு? எங்கள் வாப்பாவுக்கு இதுதான் நடந்தது.

களுவாஞ்சிக்குடி மகள்:
ஓம் நானா! மழையில் நனைந்து தடிமன் வந்தது. கடையில் வாங்கிய சளிக் குளிசை, மூன்று வேளையும் போடுகிறார். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

கல்முனை மருந்தாளர்:
பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மூக்கொழுகலுக்குச் சேர்க்கும் குளோர்பெனிரமின் இருந்தால் அது சலப்பையின் தசையைச் சோர வைக்கும். மூக்கடைப்புக்குச் சேர்க்கும் சூடோஎபெட்ரின், சலம் வெளியேறும் வாசலை இறுக்கும். டாம்சுலோசினைக் கொடுப்பதே அந்த வாசலைத் தளர்த்தத்தான். சளிக் குளிசையை நிறுத்துங்கள், தடிமனுக்கு ஆவி பிடித்தால் போதும். மூன்று கிழமை காத்திருக்காமல், இரண்டு பெட்டிகளோடும் நாளைக்கே ஒரு டொக்டரைப் பாருங்கள். சலம் அறவே நின்று அடிவயிறு வீங்கி நொந்தால் அது அவசரம், இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல், சலத்தில் இரத்தம் கண்டாலும் அப்படித்தான்.

டாம்சுலோசினை நாளும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் தலைசுற்று கூடும். படுக்கையிலிருந்து எழும்பும்போது ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள், இரவில் வழுக்கி விழுந்தால் அது வேறு பெரிய வேதனை. கண்புரை ஒப்பரேஷன் செய்வதாக இருந்தால் இந்தக் குளிசையைப் பற்றிக் கண் டொக்டரிடம் முதலே சொல்ல வேண்டும்.

அக்கரைப்பற்று நானா:
தண்ணீரை மட்டும் விட வேண்டாம் தங்கச்சி. நம்மூர் வெயிலில் அது மலத்தையும் இறுக்கும், மலச்சிக்கலோ சலத்தையும் தடுக்கும். பகலில் நன்றாகக் குடிக்கட்டும், படுக்கப் போக இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பே குறைக்கட்டும். வாப்பா இரவு இஷா தொழுதுவிட்டு வந்து கடும் தேத்தண்ணி குடிப்பார். அதைப் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு மாற்றினோம், இரவு எழும்புவது கண்கூடாகக் குறைந்தது. சலம் கழித்தபின் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்வதும் உதவியது. கிளினிக்கில் அவருக்குப் பிறகு புரோஸ்டேட்டைச் சுருக்கும் பினஸ்டரைட் குளிசையும் சேர்த்தார்கள். அதன் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும் என்றார்கள், பொறுமை வேண்டும்.

கல்முனை மருந்தாளர்:
பினஸ்டரைட் எடுத்தால் புரோஸ்டேட்டுக்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ இரத்தச் சோதனையின் எண் ஏறக்குறையப் பாதியாகத் தெரியும். சோதனை எழுதும் டொக்டருக்கு அதைச் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி மகள்:
மூன்று நாளாயிற்று. பெட்டியில் குளோர்பெனிரமின்தான் இருந்தது. டொக்டர் அதை நிறுத்தி, சலப்பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கானும் பார்த்தார். நேற்று இரவு இரண்டு தடவைதான் எழும்பினார். அப்பாவின் இரவுத் தேத்தண்ணியை மாலைக்கு மாற்றச் சம்மதிக்க வைக்கத்தான் இன்னும் முயல்கிறேன்.